பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்க, டீச்சர்

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்கு மேலே, காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் அம்மாமார் விடியுமுன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ஒரு பெண்பிள்ளை முதலில் டீச்சரிடம் சொல்ல அதனாலேயே வாய்ப்பு அதிகம்.

அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "என்ன நடந்துச்சு, சொல்லு மக்களே." "அவன் தொட்டானா?" என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டியதாகிவிடும், குறுக்கு விசாரணையில் வக்கீல் அதைத்தான் பிடிப்பார். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் கூடாது.

பிள்ளை போனதும் தேதி, நேரம், யார் இருந்தார்கள், அவள் என்ன சொன்னாள் என்று எழுதி வையுங்கள். காணிப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது மலையாளச் சாயல் கலந்த பேச்சு. உறுப்புக்கு அவள் சொன்ன சொல் கூச்சமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அதை "தவறாக நடந்துகொண்டார்" என்று மெழுகிவிட்டால், தொட்டதா அதற்கும் மேலா என்பதே தெரியாமல் போகும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், தொடுவதைச் சொல்லும் 7-ஆம் பிரிவும் அதற்கும் மேலானதைச் சொல்லும் 3-ஆம் பிரிவும் பிரிவது அங்கேதான். தண்டனை அளவும் அதோடு மாறும். போலீசிடமும் அவள் பேச்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், சட்டத்தில் இடம் உண்டு.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுவது நல்லது. ஆனால் தகவல் போக வேண்டிய இடமாகப் போக்சோவின் 19-ஆம் பிரிவு சொல்வது லோக்கல் போலீசையோ சிறப்புச் சிறார் காவல் பிரிவையோ. ஹெச்.எம். லீவு முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் உங்களுக்கே 6 மாதம் வரை சிறையோ அபராதமோ வரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. காணிகளின் ஊர்த்தலைவரான மூட்டுகாணியிடம் மரியாதையாகப் பேசி, குடும்பத்துக்குத் துணை நிற்கக் கேளுங்கள். "பேசி முடிச்சிரலாம்" என்று யார் சொன்னாலும், தகவல் அன்றைக்கே போக வேண்டும். எதிராளி அரசு அதிகாரி என்றாலும்தான். தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் 1992-இல் பெண்களுக்கு நடந்த பாலியல் வன்கொடுமைக்கு 2011-இல்தான் தீர்ப்பு வந்தது. தண்டனை பெற்றவர்கள் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள்.

பலரும் கோட்டைவிடுவது சாதிச் சான்றிதழில். குற்றம் செய்தவர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவரானால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், டி.எஸ்.பி. விசாரிப்பார், நிவாரணத் தொகையும் உண்டு. பள்ளிகளின் ஆன்லைன் பதிவான எமிஸில் எஸ்.டி. என்று பதிந்திருப்பது சான்றிதழ் ஆகாது. அதைக் கொடுப்பது கோட்ட அளவில், பேச்சிப்பாறைப் பக்கத்துக்குப் பத்மநாபபுரம் சார் ஆட்சியர். வம்பு வருமுன்னே வகுப்பில் யாரிடம் இல்லை என்று பார்த்து விண்ணப்பித்துவிடுங்கள். ஆனால் சான்றிதழ் வரட்டும் என்று புகாரை நிறுத்தாதீர்கள்; காணி இனம் என்று புகாரிலேயே எழுதலாம்.

ஸ்கூல் வாட்ஸப் குரூப்பில் ஒரு வரிகூட வேண்டாம். அந்த மலையில் எத்தனாம் வகுப்பு என்று சொன்னாலே ஆள் தெரிந்துவிடும்.

கோர்ட் நாளில் பிள்ளைக்குப் பாடம் போகும். மறுநாள் யாரும் காரணம் கேட்காதபடி, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையிடம் சொல்லி நோட்டு கொடுக்க வையுங்கள்.