கையில் புத்தகம் இருந்தும் போன ஒரு மார்க்

நேற்று ரிசல்ட். வக்கீல் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு, இரண்டாவது தடவையில் பாஸ். போன தடவை 44, வேண்டியது 45. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று ஆன்சர் கீ வந்த அன்றே தெரிந்துவிட்டது. ஆறு மாதம் அதை நினைத்தே தூக்கம் கெட்டது.

கேள்வி இதுதான்: பீஸ் பாக்கி வைத்த கட்சிக்காரரின் கேஸ் கட்டை வக்கீல் பிடித்து வைக்கலாமா?

பேர் ஆக்ட் (குறிப்புரை இல்லாத சட்டப் புத்தகம், தேர்வு அறைக்குக் கொண்டுபோகலாம்) கையில் இருக்கிறதே என்று ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினேன். பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கலாம் என்று சொல்லும் 171-வது பிரிவில் வங்கிகளோடு 'உயர் நீதிமன்ற அட்டர்னிகள்' (வக்கீல்கள்) என்றும் இருந்தது. 'வைக்கலாம்' என்று வட்டத்தைக் கறுப்பாக்கினேன். நான் ஜூனியராக இருந்த ஆபீஸில் பாக்கிக் கட்டுகளுக்கென்றே ஒரு பீரோ உண்டு; அதைப் பார்த்துப் பழகிய புத்தி வேறு.

தப்பு. கேஸ் கட்டு அந்தப் பிரிவு சொல்லும் சரக்கே அல்ல என்று 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர், கேட்ட பாக்கி 97,100 ரூபாய். பீஸுக்கு வேறு வழி பார், கட்டைக் கொடு என்பதுதான் தீர்ப்பு. இந்திய பார் கவுன்சில் அவருக்கு விதித்த 18 மாதத் தொழில் தடையை மட்டும் வெறும் கண்டனமாகக் குறைத்தது. அதையும் மனதில் வையுங்கள், கேட்டாலும் கேட்பார்கள்.

அதனால் எதிக்ஸ் (தொழில் நெறி) கேள்விகளுக்குத் தேர்வு அறையில் புத்தகத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். முன்கூட்டியே பார் கவுன்சில் விதிகள் 25 முதல் 32 வரை சத்தம் போட்டுப் படியுங்கள். எனக்கு அப்படித்தான் ஏறியது.

குழப்புவது 26-ம் 28-ம். செலவுக்கென்று கட்சிக்காரர் 5,000 கொடுக்கிறார், 3,200 ஆகிறது. மிச்சம் 1,800-ஐ பீஸில் கழிக்கலாமா? வழக்கு நடக்கும்போது என்றால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் (26). முடிந்துவிட்டது என்றால் பேசிய பீஸுக்கு எடுத்துக்கொள்ளலாம் (28). கேள்வியில் வழக்கு முடிந்ததா என்று முதலில் தேடுங்கள், தொகையை அப்புறம் பார்க்கலாம்.

மற்றவை:
- கட்சிக்காரர் சார்பில் பணம் வந்தால் சீக்கிரமே சொல்ல வேண்டும் (27).
- பீஸ் பேசாமல் விட்டிருந்தால் கோர்ட் விதிப்படி கழித்து மீதியைத் திருப்ப வேண்டும் (29).
- கணக்கு கேட்டால் நகல் தர வேண்டும், நகல் செலவு அவருடையது (30).
- கையில் இருக்கும் அவர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது (31).
- வழக்கு நடத்த அவருக்குக் கடன் தரவும் கூடாது (32). நடந்துகொண்டிருக்கும் வழக்கில், முன்பேச்சு எதுவும் இல்லாமல், கோர்ட் விதி கட்டாயப்படுத்தியதால் நாமே கோர்ட்டில் கட்ட நேர்ந்தால் அது மீறல் ஆகாது. இந்த விலக்கை நான் இரண்டாவது தடவைதான் கவனித்தேன்.