புரட்டாசி சைவமும் இரண்டு ரத்த ரிப்போர்ட்டும்

17 செப்டம்பர் 2024, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. கறிச்சட்டி, மீன்சட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்து மேல் அலமாரியில் ஏற்றியாயிற்று. மேற்பார்வை அத்தை. நான் பிறந்த வீடு சுத்த சைவம். வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஞாயிறென்றால் ஆட்டுக்கறி. கல்யாணமான நாளிலிருந்து கறி சமைக்கிறேன், வாயில் வைத்ததில்லை. உப்புப் பார்ப்பது கணவர் பொறுப்பு.

நேற்று இருவரும் குடும்ப மருத்துவரிடம் போனோம். சிங்கப்பூர் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் ஒரே கிளினிக்கில் பதிந்திருக்கிறோம், எனவே ரத்தம் கொடுத்ததும் ஒரே நாள், முடிவு வந்ததும் ஒரே நாள். அவருக்குக் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், லிட்டருக்கு 4.3 மில்லிமோல். "ஆட்டுக்கறியைக் குறைங்க, கோழியைத் தோலோடு சாப்பிடாதீங்க" என்று சொல்லி இரவில் போட ஒரு மாத்திரையும் எழுதினார் டாக்டர். அடுத்து என் தாள். பி12 வைட்டமின் 118. இருக்க வேண்டியதைவிட நல்ல குறைவு. கால் விரல்கள் மதமதப்பதாக நான் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றார். "மீன் சாப்பிடலாமே? முட்டையாவது?"

ஒரே அறை, ஒரே டாக்டர். அவருக்குக் கறியை விடு, எனக்குக் கறியைத் தொடு.

லிஃப்ட்டில் இவர் சொன்னார்: "அப்ப என் பங்கை நீ சாப்பிடு. கணக்கு நேராயிடும்."

19 செப்டம்பர், வியாழன்

விஷயம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. போட்டுக்கொடுத்தது அத்தைதான். உட்லண்ட்ஸில் இருக்கும் கொழுந்தனார் பொழுது விடியும் முன்பே, "அண்ணி, கறி சிகரெட்டுக்குச் சமம்னு உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியாச்சு. அண்ணனை நிறுத்தச் சொல்லுங்க" என்று அனுப்பியிருந்தார். சற்று நேரத்தில் சித்தப்பா மகன்: "அதெல்லாம் பழைய கதை. குறைக்கவே வேணாம்னு விஞ்ஞானிகள் 2019-ல சொல்லிட்டாங்க." இரண்டிலும் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. முழுப் பொய்யென்றால் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

ஓய்வு பெறும்வரை தொடக்கப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான், சும்மா இருக்க முடியவில்லை. உட்கார்ந்து தேடிப் படித்தேன்.

கொழுந்தனார் சொன்னது 2015 அக்டோபர் சமாச்சாரம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, சாசேஜ், ஹாட்டாக், லஞ்சன் மீட் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்தது. புகையிலையும் அதே பிரிவுதான். ஆனால் அந்தப் பிரிவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்று சொல்வதற்கு. ஆபத்து எவ்வளவு பெரிது என்று அது சொல்லாது. ஆடு, மாடு, பன்றி இறைச்சி அதற்கு அடுத்த 2ஏ பிரிவில், "அநேகமாக" என்ற சொல்லோடு இருக்கிறது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்பது அவர்கள் கணக்கு. இதை நூற்றுக்கு 18 பேருக்குப் புற்றுநோய் என்று கொழுந்தனார் படித்திருக்கிறார். நூறு பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால் அது 6-ஐ நெருங்கும். கூடுதல்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதோடு, என் கணவர் லஞ்சன் மீட்டைத் தொடுவதே இல்லை. முட்டையோடு பொரித்துத் தின்பது மகன். அவனுக்கு யாரும் செய்தி அனுப்பவில்லை.

சித்தப்பா மகன் சொன்னது 14 பேர் கொண்ட குழு ஒன்று அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்ட பரிந்துரை. 11 பேர் "இப்போது சாப்பிடுவதையே தொடரலாம்" என்றார்கள், 3 பேர் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் "பலவீனமான பரிந்துரை" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கறி நல்லது என்று எங்கேயும் இல்லை. குறைப்பதால் கிடைக்கும் பலன் சின்னது, அதற்கான ஆதாரமும் தள்ளாடுகிறது, ஜனங்களுக்கோ கறி பிடித்திருக்கிறது, பிறகு ஏன் நெருக்குவானேன் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு ஜனவரியில் அனைத்துலக விஞ்ஞானிகள் குழுவான ஈட்-லான்செட் ஆணையம் ஒரு நாளைக்குச் சராசரியாக 14 கிராம் சிவப்பிறைச்சி (ஆடு, மாடு, பன்றி) என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தது. வாரத்துக்குச் சுமார் 100 கிராம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் அது இவர் தட்டுக்கு முதல் கரண்டி.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அத்தையுடையது.

21 செப்டம்பர், முதல் சனி

காலையில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயில். வரிசை நீளம், வெயில் அதைவிட நீளம். ஆனாலும் புரட்டாசி சனிக்கிழமை போகாவிட்டால் அந்த வாரமே ஓடாது.

மதியம் வீட்டுப் படையல். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தயிர்சாதம். இவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கலில் நெய் ஊறி வாழையிலை பளபளக்கிறது. முந்திரியை ஓரமாகச் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரே வாயாகப் போட்டுக்கொள்கிறார். காய் என்று இருந்தது அந்த உருளைக்கிழங்கு மட்டும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டுப் படம் எல்லாப் பலதுறை மருந்தகத்திலும் (பாலிகிளினிக்) ஒட்டியிருக்கிறது: பாதி காய்கனி, கால் பகுதி முழுதானியம், கால் பகுதி இறைச்சி, மீன், பருப்பு, டோஃபு. இந்த இலையில் முக்கால் பகுதி சோறு, அதுவும் மூன்று வேடத்தில்.

கறி இல்லாத நாளில் மனிதர் இன்னொரு கரண்டி சோறு கூடப் போட்டுக்கொள்கிறார். அதுவும் சைவம்தான். நெய்யும் சைவம், டால்டாவும் சைவம், தே தாரிக் தேநீரில் ஊற்றுகிற கண்டென்ஸ்டு மில்க்கும் சைவம். எதை விட்டாய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விட்ட இடத்தில் எதை வைத்தாய் என்று கேட்டால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். கொழுப்புள்ள கறியை எடுத்துவிட்டு அங்கே கடலையும் பயறும் கீரையும் வந்தால் எல்டிஎல் இறங்கும். வெள்ளைச் சோறும் வடையும் வந்தால் கொழுப்பு போய்ச் சர்க்கரை வரும். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் இங்குள்ள சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 17.2. பிறந்ததிலிருந்து சைவமான நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. படையல் அன்று சொல்லக்கூடிய பேச்சா?

26 செப்டம்பர், வியாழன்

இன்று என் பங்கு உபதேசம்.

அத்தை: "ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) ரெண்டையும் நல்லெண்ணெயில வதக்கி நாலு நாள் சாப்பிட்டா எல்லாம் சரியாகும். மருந்துன்னு நினைச்சுக்கோ." புரட்டாசியில், அத்தை வாயால்! கொழுந்தனார்: "அண்ணி, சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை. முழுச் சைவம். பி12 கொட்டிக் கிடக்கு." பக்கத்து வீட்டுச் சீன அக்கா: ரொட்டியில் தடவும் ஈஸ்ட் பசையான மார்மைட்.

மூவரில் மருத்துவ வரலாறு அத்தை பக்கம். 1926-ல் மைனாட், மர்ஃபி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையை ஈரல் கொடுத்தே மாற்றினார்கள். 1934-ல் விப்பிள் என்பவரோடு சேர்த்து நோபல் பரிசும் வாங்கினார்கள். ஈரலில் இருந்த அந்தப் பொருளை 1948-ல் தனியே பிரித்தெடுத்தபோது அதுதான் பி12. சீன அக்காவுக்கும் ஒரு கதை உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1930 வாக்கில் பம்பாயில் ரத்தசோகை கண்ட கர்ப்பிணிகளுக்கு மார்மைட் கொடுத்துக் குணப்படுத்தினார். ஆனால் அங்கே வேலை செய்தது ஃபோலேட் என்ற வேறொரு பி வைட்டமின். அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் அமிலம். இங்கேதான் கவனம் வேண்டும்: பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால் ரத்தம் தேறிவிட்டதுபோல் தாளில் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இப்போதைய மார்மைட்டில் பி12-ஐத் தனியாகச் சேர்க்கிறார்கள், எனவே அக்காவும் தோற்கவில்லை. தோற்றது கொழுந்தனார். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. மனித உடம்புக்கு அது உதவாது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பி12-ஐ ஆடும் செய்வதில்லை, மாடும் செய்வதில்லை, எந்தச் செடியும் செய்வதில்லை. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே செய்கின்றன. ஆட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா செய்ததைத்தான் இவர் ஞாயிறு தோறும் வாங்கிவருகிறார். மாத்திரைக்குள் இருப்பதும் தொட்டியில் வளர்த்த பாக்டீரியா செய்தது. அப்படியென்றால் ஆட்டை நடுவில் இழுப்பானேன்?

தயிரும் பாலும் கொஞ்சம் தரும்தான். நான் தயிர் இல்லாமல் ஒருவேளையும் சாப்பிட்டதில்லை. என் பி12-ஐத் தின்றதில் நான் போடும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கும் பங்கு இருக்கிறது என்றார் டாக்டர். அந்த மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் எச்சரித்திருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கும் சைவக்காரர்கள் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதை மட்டும் தயங்காமல் சொல்வேன்.

மருந்துக்கடைப் பெண்ணிடம், கேப்ஸ்யூல் உறை எதிலிருந்து என்று கேட்டேன். இதில் ஜெலட்டின், இதில் இல்லை என்று இரண்டு டப்பாவையும் திருப்பிக் காட்டினாள். இல்லாததை வாங்கினேன்.

5 அக்டோபர், சனி

மகனுக்குப் புரட்டாசி தாங்கவில்லை. ஜிம்முக்குப் போகிறவன், புரதம் புரதம் என்று புலம்புகிறான். டோஃபுவும் கொண்டைக்கடலையும் போட்டால் முகத்தைச் சுளிக்கிறான். ஈரச்சந்தை உறைபெட்டிக் கடையில் சைவ மட்டன் வாங்கி வந்தேன். சோயாவும் காளான் தண்டும் சேர்த்தது, நார் நாராகப் பிரியும், மசாலாவில் போட்டால் தெரியாதவர்கள் ஏமாறுவார்கள்.

பொட்டலத்தின் பின்பக்கத்தைக் கண்ணாடி மாட்டிப் படித்தேன். சோடியம் முழ நீளம். இங்கே சராசரி ஆள் ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் எடுப்பதாக 2022 ஊட்டச்சத்து ஆய்வு சொல்கிறது. 2,000-க்குள் இருக்க வேண்டும். பானங்களில் பார்க்கும், ஏ முதல் டி வரை தரம் சொல்லும் நியூட்ரி-கிரேட் எழுத்தை உப்பு, சாஸ், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் வரை கொண்டுபோகப் போவதாக ஆகஸ்ட்டில் அறிவித்தார்கள். சைவ மட்டனுக்கும் ஒரு எழுத்துப் போட்டால் எனக்குக் கண்ணாடி மிச்சம்.

கழுவி, பிழிந்து, உப்பே போடாமல் பிரட்டினேன். சட்டி காலி.

9 அக்டோபர், புதன்

கொழுந்தனார் ஓயவில்லை. இன்று ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வு. "சைவக்காரர்களுக்கு மாரடைப்பு 22 விழுக்காடு குறைவு." உண்மை. ஏறத்தாழ 48,000 பேரை 18 வருடத்துக்கு மேல் கவனித்து 2019-ல் வந்தது. அதே கட்டுரையின் அடுத்த வரியை மட்டும் விட்டுவிட்டார்: பக்கவாதம் 20 விழுக்காடு கூடுதல். எண்ணிக்கையில் மாரடைப்புக் குறைந்தது அதிகம், பக்கவாதம் கூடியது சொற்பம். ஆனாலும் பாதியை மட்டும் அனுப்புவது என்ன நியாயம்?

உள்ளூர் ஆய்வும் இருக்கிறது. 1990-களில் 63,000-க்கும் அதிகமான சிங்கப்பூர்ச் சீனர்களைச் சேர்த்துத் தொடர்ந்தது. சிவப்பிறைச்சியை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு வாய்ப்பு 23 விழுக்காடு, கோழிக்கு 15 விழுக்காடு கூடியிருந்தது. மீனில் அப்படி எதுவும் இல்லை. ஆய்வில் நம்மவர் ஒருவரும் கிடையாது, இருந்தாலும் ஒரே ஊர்ச் சந்தையில் வாங்கித் தின்கிறவர்கள். இவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப மீன் ஓகே" என்றார். காது அங்கே மட்டும் கேட்கும்.

20 அக்டோபர், ஞாயிறு

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு. தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடைகளில் ஈ நுழைய இடமில்லை. ஒரு மாத ஏக்கத்தை ஒரே காலையில் தீர்க்க வந்த முகங்கள். நானும் கூடப் போனேன், காவலுக்கு.

"வழக்கம்போல ஒரு கிலோவாண்ணே?"

இவர் என்னைப் பார்த்தார். "அரைக் கிலோ. தொடையில போடு. கொழுப்பை எடுத்துடு."

கடைக்காரத் தம்பி கத்தியை வைத்துக்கொண்டே சிரித்தான். "இப்ப எல்லாரும் எடுக்கச் சொல்றாங்கண்ணே. அடுத்த வாரம் வந்து குழம்பு சப்புன்னு இருந்துச்சும்பாங்க." வெட்டுப்பலகையின் ஓரத்தில் மஞ்சள் வெள்ளையாகக் கொழுப்பு ஒரு குவியல், பக்கத்துக் கடையிலும் அப்படியே. நாலெலும்பைச் சும்மா போட்டுக் கொடுத்தான்.

தால்ச்சா வைத்தேன். கடலைப்பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய், எலும்பு, அந்த அரைக் கிலோ. ஐந்து பேருக்குக் காணும், குழம்பும் சப்பென்று இல்லை என்று உப்புப் பார்த்தவரே சொன்னார். சோறு பாதி பிரவுன் அரிசி கலந்தது. அத்தை ஒரு வாய் தின்றுவிட்டு, "கறி எங்கடி? தேட விடுறியே" என்றார். எனக்குக் கீரை மசியல், சுண்டல், சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. முட்டை வேண்டாம் என்று முடிவுசெய்துவிட்டேன். மாத்திரை செய்கிற வேலைக்கு ஐம்பது வருட நாக்கை ஏன் சித்திரவதை செய்ய வேண்டும்? என்னைப்போல் மனத்தடை இல்லாத சைவக்காரருக்கு முட்டை நல்ல வழிதான், அதையும் சொல்லிவைக்கிறேன்.

5 டிசம்பர், வியாழன்

மறுபரிசோதனை முடிவு. இவர் எல்டிஎல் 2.4. என் பி12 340, விரல் மதமதப்பும் பெரும்பாலும் போய்விட்டது.

குழுவில் போட்டேன். அத்தை, பெருமாள் கைவிடவில்லை என்றார். கொழுந்தனார், ஒரு மாதச் சைவத்துக்கே இவ்வளவு என்றால் பன்னிரண்டு மாதமும் இருந்தால் எப்படி இருக்கும் என்றார். சித்தப்பா மகன், தீபாவளிக்கு அண்ணன் மூன்று வேளை பிரியாணி சாப்பிட்டதை நினைவுபடுத்தி, கறிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நிரூபணம் ஆகிவிட்டது என்றார். டாக்டரோ இறங்கியதில் பெரும்பங்கு இரவு மாத்திரையுடையது, நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லியனுப்பினார். அதையும் போட்டேன். அதற்கு மட்டும் யாரும் பதில் எழுதவில்லை.

கொழுந்தனாரிடம் தனியாக, நீங்கள் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்து மூன்று மணி நேரமாகிறது.