நார்வேயில் பனியாற்று மாடலிங் பிஎச்டி: இன்டர்வியூவைவிட சான்றிதழ்கள்தான் படுத்தின

ரெசிடென்ஸ் கார்டு கைக்கு வந்துவிட்டது, இனி நிம்மதியாக எழுதலாம். நார்வேயில் ஒரு பல்கலைக்கழகத்தில் பனியாறுகளைக் கணினியில் மாடல் செய்யும் பிஎச்டி வேலை கிடைத்திருக்கிறது. வேலை என்றே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பிஎச்டி என்பது சம்பளமும் வரிப்பிடித்தமும் உள்ள ஊழியர் பதவி. மூன்று வருடம், வகுப்பெடுக்கும் கடமையும் சேர்ந்தால் நான்கு. இந்த விவரம் நம் ஊரில் பலருக்குப் புரிவதில்லை. அதனால் வந்த தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

விளம்பரங்களுக்கு, பனி ஆய்வாளர்களின் மின்னஞ்சல் பட்டியலான கிரையோலிஸ்ட், நார்வே வேலைவாய்ப்புத் தளமான ஜாப்நோர்கே இரண்டையும் பார்த்துவந்தாலே போதும். கடைசி நாள் 23:59 என்று போட்டிருந்தால் அது நார்வே நேரம், கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 3:29. ஆனாலும் அதுவரை காத்திருக்காதீர்கள், கடைசி மணி நேரத்தில் பிடிஎஃப் ஏற்றுவது நெஞ்சுவலி பிடித்த வேலை.

நான் எம்எஸ்சி இயற்பியல், அப்புறம் பெங்களூருவில் ப்ராஜெக்ட் அசோசியேட். விண்ணப்பித்த நாள் வரை ஒரு பனியாற்றின் மேல் கால் வைத்ததில்லை. இதை ஒரு குறையாக நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள் என்று நம் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேர்வுக் குழு என்னிடம் பார்த்தது நான் எழுதிய கணினி நிரலைத்தான். ஓஜிஜிஎம் என்று பைத்தானில் ஒரு திறந்த மாடல் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம், உலகத்தில் உள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகளின் எல்லைக்கோடுகள் அதற்குள் வந்துவிடும். நான் ஹிமாச்சலில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றை எடுத்துக்கொண்டேன். அங்கே 2002 முதல் ஆண்டுதோறும் நிறை மாற்றத்தை, அதாவது எவ்வளவு பனி சேர்ந்தது, எவ்வளவு உருகிப் போனது என்பதை, அளக்கிறார்கள், அதனால் மாடல் சொல்வதை நேரடி அளவீட்டோடு வைத்துப் பார்க்கலாம். அந்த ஒப்பீட்டை, வேறு ஒருவர் அப்படியே மறுபடி ஓட்டிப் பார்க்கிற மாதிரி கிட்ஹப்பில் போட்டு, விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சுட்டி கொடுத்தேன். இன்டர்வியூவில் பாதி நேரம் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

தகைவுக்கு ஏற்பப் பனி எவ்வளவு வேகமாக உருமாறும் என்று சொல்லும் க்ளென் விதியிலிருந்து ஆரம்பித்தார்கள். அடுக்கு 3 என்றால், தகைவு இரண்டு மடங்காகும்போது பனி உருமாறும் வேகம் எட்டு மடங்காகும், சரி, அடுக்கை 4 என்று வைத்தால் உங்கள் முடிவுகள் என்னாகும் என்று கேட்டார்கள். அதைச் சமாளித்துவிட்டேன். வியர்த்தது அடுத்த கேள்விக்குத்தான். "மழை, பனிப்பொழிவைக் கூட்டும் காரணியையும் உயர்த்தி, உருகும் காரணியையும் உயர்த்தினால் சராசரி நிறை மாற்றம் அதேதானே வரும், அப்புறம் உங்கள் மதிப்புகள்தான் சரி என்று எப்படித் தெரியும்?" உண்மையிலேயே நல்ல கேள்வி, இமயமலையை மாடல் செய்கிற எல்லோரையும் துரத்துகிற கேள்வி, ஏனென்றால் அந்த உயரத்தில் பனிப்பொழிவை அளக்கும் கருவிகள் மிகக் குறைவு. சராசரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது, குளிர்கால நிறை தனியாக வேண்டும், அல்லது கோடை முடிவில் பனிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்கள். உங்கள் மாடல் எங்கே பொய் சொல்லும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு போங்கள், எங்கே சரியாக வருகிறது என்பதை யாரும் கேட்கவே இல்லை.

வேலை உங்களுக்குத்தான் என்று மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு வரி: முதுகலைப் பட்டம் ஐரோப்பியக் கணக்கில் 120 கிரெடிட் இருக்க வேண்டும், அதில் ஆய்வேடு குறைந்தது 30, உங்கள் மார்க் ஷீட்டிலிருந்து அது தெரியவில்லை, உங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து ஆவணம் வாங்கி அனுப்புங்கள், அதன்பிறகுதான் ஒப்பந்தம்.

எங்கள் மார்க் ஷீட்டில் ப்ராஜெக்ட் என்று ஒரு வரி, பக்கத்தில் மதிப்பெண், அவ்வளவுதான். நான்காவது செமஸ்டர் முழுவதும் அதைத்தான் செய்தோம் என்பது அதில் எங்குமே இல்லை. ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்து, காலையில் நேராக கண்ட்ரோலர் ஆபீஸ். செக்‌ஷன் கிளார்க் நான் கொண்டுபோன மனுவைப் படிக்கக்கூட இல்லை.

"இந்த மாதிரி லெட்டருக்கு ஃபார்மேட்டே கிடையாதும்மா."

"சார், நாலாவது செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்ட்னு ஒரு வரி எழுதித் தந்தாப் போதும்."

"ஒருத்தருக்குத் தந்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. காலேஜ்ல கேளுங்க."

கல்லூரியில் கேட்டால், பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், நாங்கள் எப்படி எழுத முடியும் என்றார்கள். மறுபடி ஆபீஸ். சூப்பரின்டெண்ட் லீவு. மனுவை இன்வர்டில் போட்டுவிட்டுப் போங்கள், தபாலில் பதில் வரும் என்றார்கள். வரவில்லை. நான் பெங்களூரு திரும்பிய பிறகு அப்பா அதிகாரக் கடிதத்தோடு போய் நின்றார், "கேண்டிடேட் நேர்ல வரணும்" என்று திருப்பி அனுப்பினார்கள். மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி இறங்கியவரிடம் அதைக் கீழேயே சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அங்கே நார்வேக்காரர்கள் ப்ராஜெக்ட் தொடங்கும் தேதியை நினைவூட்டி மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்த மரியாதையே வயிற்றைக் கலக்கியது.

கடைசியில் வழி காட்டியவர் இன்வர்டு மேஜையில் இருந்த வயதான ஒரு அம்மா. என் மனுவைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "லெட்டர்னு கேட்டா தர மாட்டாங்க கண்ணு. சிலபஸ் அட்டெஸ்டேஷன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குச் சலான் கட்டு. ரெகுலேஷன்ஸ் பக்கமும் சிலபஸோடதானே இருக்கு" என்றார். ரெகுலேஷன்ஸ் பக்கத்தில்தான் நான்காவது செமஸ்டர், ப்ராஜெக்ட், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எல்லாமே அச்சில் இருந்தது! சலான் கட்டினேன், ஒவ்வொரு பக்கத்திலும் சீலும் கையெழுத்தும் வந்தது. அதே கிளார்க்தான் சீல் வைத்தார், ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. கூடவே துறைத்தலைவர் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து ஒரு விளக்கம் அனுப்பினார், இரண்டையும் சேர்த்து நார்வேயில் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே புதிதாக ஒரு கடிதம் கேட்காதீர்கள். அந்த ஆபீஸில் ஏற்கெனவே கட்டணமும் ஃபார்மும் உள்ள சேவைகளின் பட்டியலைப் பாருங்கள், உங்களுக்கு வேண்டியது அதில் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். படிப்பு முடிந்த கையோடு இதை வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்து இனிஷியல். பட்டத்தில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆக விரிந்திருக்கிறது. ஒப்பந்தம் தயாரித்தவர் இரண்டையும் பார்த்துக் குழம்பி, அப்பா பெயரை முதல் பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டு அனுப்பிவிட்டார். அப்படியே விசாவுக்குக் கொண்டுபோயிருந்தால் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. திருத்தி வாங்க விடுமுறைக்காலம் குறுக்கே வந்தது, ஜூலையில் அங்கே பாதி ஆபீஸ் காலி. முதல் மின்னஞ்சலிலேயே பாஸ்போர்ட் பக்கத்தை இணைத்து, பெயரை அதன் அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு இடத்தில் உதவியது.

விசா விண்ணப்ப மையத்தில் நான் முதலில் சொன்ன குழப்பம். பிஎச்டி என்றதும் கவுண்டரில் இருந்தவர், "ஸ்டூடண்ட் கேட்டகரி மேடம், பேங்க் பேலன்ஸ் காட்டணும்" என்று ஃபைலை மூடினார். சம்பளம் வாங்கும் பிஎச்டிக்கு நார்வேயில் திறன்மிகு பணியாளர் அனுமதிதான், மாணவர் அனுமதி இல்லை. நார்வேயின் குடிவரவுத் துறையான யுடிஐயின் தளத்தில் அந்தப் பிரிவுக்கென்று இருக்கும் செக்லிஸ்ட்டை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன், அதை வரிவரியாகக் காட்டிய பிறகு உள்ளே போய் யாரையோ கேட்டு வந்து வாங்கிக்கொண்டார். கவுண்டரில் இருப்பவர் காகிதம் வாங்குபவர்தான், முடிவு எடுப்பது யுடிஐ. சண்டை போட வேண்டாம், ஆனால் திரும்பி வந்துவிடவும் வேண்டாம்.

அனுமதி வந்தது, விமானம் ஏறினேன், எல்லாம் சுமுகம். இறங்கியதும் ரெசிடென்ஸ் கார்டுக்கான போலீஸ் அப்பாயின்ட்மென்ட், வரி அட்டை இரண்டுக்கும் ஓட வேண்டும். வரி அட்டை இல்லாமல் சம்பளம் போட்டால் 50 சதவீதம் பிடிக்கச் சொல்கிறது சட்டம். பின்னால் கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவார்கள் என்றாலும், முதல் மாதம் வாடகைக்கு அது உதவாது. ஊரிலிருந்தே தேதி பதிவு செய்யப் பாருங்கள், கையில் கொஞ்சம் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யூஸ்தடால்ஸ்பிரேனை மாடல் செய்யும் குழுவில் இருக்கிறேன், ஐரோப்பியப் பெருநிலத்தின் மிகப் பெரிய பனியாறு அதுதான். கொஞ்சம் கிழக்கே இருக்கும் ஸ்டூர்பிரேன் பனியாற்றில் 1949 முதல் தொடர்ந்து நிறை அளந்து வருகிறார்கள், குளிர்காலம் தனியாக, கோடை தனியாக. இன்டர்வியூவில் நான் வேண்டும் என்று சொன்ன அதே மாதிரித் தரவு, இப்போது என் திரையில் வரிசையாக இருக்கிறது. நம் இமயமலைக்கு இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தினமும் தோன்றுகிறது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நார்வேயில் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டால், நிபுணர் குழு உங்களைப் பற்றி எழுதிய மதிப்பீட்டை நீங்கள் கேட்டுப் பெறலாம். இதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. கேட்டேன், அனுப்பினார்கள். எண்முறைக் கணிப்பு, அதாவது கணினி மாடலிங், அனுபவம் ஆவணங்களிலிருந்து தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்துத்தான் சோட்டா ஷிக்ரி வேலையையே தொடங்கினேன். கூச்சப்படாமல் கேளுங்கள், இரண்டு வரி மின்னஞ்சல் போதும்.