நாஸ்கா மட்கலங்கள்: இகாவில் தொடங்குங்கள்

பெருவின் நாஸ்காவுக்குப் போகிறவர்களில் பலர் சிறு விமானத்தில் ஏறி, பழங்கால நாஸ்கா மக்கள் பாலைவனத்தில் வரைந்த பெருங்கோடுகளைப் பார்த்துவிட்டு அன்றே கிளம்பிவிடுகிறார்கள். அதே மக்கள் தீட்டிய மட்கலங்களுக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள்.

லிமாவிலிருந்து பான்அமெரிக்கன் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 300 கி.மீ. போனால் இகா. நாஸ்கா அங்கிருந்து இன்னும் 140 கி.மீ. இகாவின் வட்டார அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பது நல்லது. நாஸ்காவுக்கு முந்தைய பராக்காஸ் பண்பாட்டுக் கலங்கள் அங்கே இருக்கின்றன. பராக்காஸ் குயவர்கள் உருவத்தைக் கீறி, கலத்தைச் சுட்ட பிறகே பிசினில் குழைத்த வண்ணத்தை அப்பினார்கள். அதனால் அது எளிதில் உதிரும். நாஸ்கா குயவர்கள் சுடுவதற்கு முன்பே வண்ணமண் குழம்பைப் பூசினார்கள். கீறலின் இடத்தைக் கறுப்புக் கோடு பிடித்தது. நிறம் மண்ணோடு சேர்ந்து வெந்ததால்தான் 1,500 ஆண்டுகள் கடந்தும் அப்படியே நிற்கிறது.

சக்கரம் கிடையாது, கையாலேயே வனைந்தார்கள். சிவப்புக்கு ஹேமடைட் என்ற இரும்புத் தாது, கறுப்புக்கு மாங்கனீசு. இஞ்ஞெனியோ பள்ளத்தாக்கின் பிரிமாவெரா சுரங்கத்திலிருந்து மட்டும் பல நூற்றாண்டுகளில் சுமார் 3,700 டன் ஹேமடைட் வெட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. சிறந்த கலங்களில் பத்துக்கும் மேற்பட்ட நிறங்களை எண்ணலாம். இதில்தான் அவர்களின் திறமை தெரிகிறது: குழம்பும் கலத்தின் மண்ணும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் பூச்சு செதிலாகப் பெயரும். சூட்டில் காற்றோட்டம் குறைந்தால் சிவப்பின் மேல் கரும்புகைத் திட்டு விழும். பளபளப்பு மெருகெண்ணெயோ கண்ணாடிப் பூச்சோ அல்ல, வழவழப்பான கல்லால் தேய்த்தது. சூடு மிஞ்சினால் அதுவும் மங்கிவிடும்.

நாஸ்கா ஊரில் அன்டோனினி அருங்காட்சியகம் போதும். நாஸ்கா மக்களின் சடங்குத் தலமான கவாச்சியின் அகழாய்வில் கிடைத்தவை அங்கே உள்ளன. பாலம்போல் பிடி வைத்த இரட்டைமூக்குக் கலங்களைத் தேடிப் பாருங்கள். ஓசனிச்சிட்டு, கொலைத்திமிங்கிலம், மிளகாய், வெட்டிய தலைகள் என்று உருவங்கள் மாறிமாறி வரும். பிற்காலக் கலங்களில் அவையே நெருங்கிச் சிதறி, அடையாளம் காண்பது கடினமாகும்.

கவாச்சிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். பிற்பகலில் காற்று மணலை வாரி இறைக்கும். தண்ணீர் கொண்டுபோக வேண்டும். தரையில் கிடக்கும் கலத்துண்டைத் தொடாதீர்கள். புதையல் திருடர்கள் தோண்டிக் கலைத்த மண்ணில், கிடக்கும் இடம்தான் அந்தத் துண்டுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி. எடுப்பது சட்டப்படிக் குற்றமும்கூட. பட்டறைகளில் நகல் வாங்கினால் ரசீது கேட்டு வாங்கி, விமான நிலையம்வரை கையில் வைத்திருங்கள்.