ஹெர்மன்-கிரிமா இல்லத்தில் ஓர் அக்டோபர் மாலை

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், ஃபிரெஞ்சு குவார்ட்டர் என்ற பழைய பகுதியில் அருங்காட்சியகமாக உள்ள ஹெர்மன்-கிரிமா இல்லத்தைச் சென்ற அக்டோபரில் பார்த்தேன். 1831இல் சாமுவேல் ஹெர்மன் என்ற வணிகருக்காகக் கட்டப்பட்ட இவ்வீடு, 1837இன் பொருளாதார நெருக்கடியில் அவர் நொடித்த பின்னர், 1844இல் கிரியோல் (அம்மண்ணில் பிறந்த ஐரோப்பிய வம்சாவளி) வழக்கறிஞர் ஃபெலிக்ஸ் கிரிமாவின் குடும்பத்துக்குக் கைமாறியது. அக்காலத் துக்க வழக்கத்தைக் காட்டுவதற்காகக் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள்.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது முற்றத்தை அடுத்துள்ள சமையற்கட்டில்தான். நகரின் அந்தக் கொடும் வெயிலிலும் விறகு அடுப்பின் அனலில் நின்று இக்குடும்பத்துக்குச் சமைத்தவர்கள், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்கள். அந்தக் கட்டடத்தின் மேல்தளத்துச் சிற்றறைகளே அவர்களுடைய இருப்பிடம். விருந்துக்கூடத்தின் அழகைவிட, அந்தக் கரிபடிந்த செங்கற்களே இன்னும் என் கண்முன் நிற்கின்றன.