சப்வெர்ஷனை விட்டு கிட்டுக்கு மாறியபோது: என் ஃப்ரீபிஎஸ்டி மடிக்கணினிக் குறிப்பு

பழைய மடிக்கணினி ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை மூலநிரலிலிருந்தே கட்டிப் பராமரித்து வருகிறேன். மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சப்வெர்ஷனின் சிறு வடிவமாக, அடிப்படை அமைப்புடனேயே கிடைத்த எஸ்விஎன்லைட்டில் ஒரு கட்டளை கொடுத்தால் மூலநிரல் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்பதால், மாறவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் 2020 டிசம்பரில் அத்திட்டத்தின் மூலநிரல், அதே வேலையைச் செய்யும் இன்னொரு மென்பொருளான கிட்டுக்கு மாறியது. பதிப்பு 12-க்கான ஸ்டேபிள்/12 கிளை சப்வெர்ஷனிலும் தொடர்ந்து கிடைத்தது. ஸ்டேபிள்/13 கிளையோ கிட்டில் மட்டுமே இருந்தது. 13-க்குப் போக எனக்கு வேறு வழி இல்லை.

கிட்டின் உரிமம், ஃப்ரீபிஎஸ்டி தவிர்க்கப் பார்க்கும் ஜிபிஎல் என்பதால் அது அடிப்படை அமைப்பில் இடம்பெறவில்லை. தனியாக நிறுவ வேண்டும். சார்புப் பொதிகள் குறைவு என்பதால் அதன் சிறு வடிவமான கிட்-லைட்டைத் தேர்ந்தேன். காலியாக இல்லாத அடைவில் குளோன் (மூலநிரல் களஞ்சியத்தின் நகல்) எடுக்க கிட் மறுத்ததால் பழைய மூலநிரல் அடைவுக்கு வேறு பெயர் வைத்தேன். நான் எழுதிய கெர்னல் அமைவுக் கோப்பையும், ஒரு டிரைவரில் செய்திருந்த நான்கு வரித் திருத்தத்தையும் பேட்ச்சாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

வட்டில் இடம் குறைவாக இருந்ததால், கடைசி மாற்றம் மட்டும் வரும்படி ஆழம் 1 என்று குளோன் எடுத்தேன். இந்தச் சிக்கனம்தான் பிழையாகிவிட்டது. சப்வெர்ஷனில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறுவரிசையில் ஓர் எண் உண்டு. எந்தக் கட்டமைப்பு பழையது, எது புதியது என்பதை அந்த எண்ணைப் பார்த்தே நோட்டில் குறித்துவந்தேன். கட்டி முடித்து, அமைப்பின் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையில் பார்த்தபோது கிளைப் பெயரும் ஒரு ஹாஷும் (மாற்றத்தை அடையாளம் காட்டும் எழுத்து-எண் கோவை) மட்டுமே இருந்தன. இரண்டு ஹாஷ்களை அருகருகே வைத்தால் எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. வரலாற்றின் தொடக்கத்திலிருந்து மாற்றங்களை எண்ணி, ‘என்’ எழுத்துக்குப் பின் ஓர் எண்ணை இடும் வசதி கட்டமைப்பு நிரலிலேயே இருக்கிறது; முழு வரலாறு இல்லாத குளோனில் எண்ணுவதற்கு எதுவும் இல்லாததால் அது அந்த எண்ணை விட்டுவிடுகிறது.

அன்ஷாலோ என்ற விருப்பத்தைக் கொடுத்து வரலாறு முழுவதையும் இறக்கினேன். ஒரு ஜிகாபைட்டுக்கும் மேல் இறங்கியது. டெல்டாக்களைப் பிரிக்கும் கட்டத்தில் கணினி திணறி, விசை அழுத்தினால் எழுத்து வரவே நேரம் பிடித்தது. கூடவே மாற்றங்களோடு இணைத்து வைக்கப்படும் நோட்ஸ் குறிப்புகளையும் இறக்கும்படி அமைத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பழைய சப்வெர்ஷன் எண்கள் அந்தக் குறிப்புகளில் இருப்பதால், வைஃபை டிரைவர் திருத்தம் ஒன்றுக்கு நான் நோட்டில் எழுதியிருந்த எண்ணை கிட் லாகில் தேட, அந்த மாற்றமே எதிரே வந்து நின்றது.

என் நான்கு வரித் திருத்தம் வேறு தொல்லை தந்தது. எஸ்விஎன்லைட் புதுப்பிக்கும்போது அதைத் தானே இணைத்து ஓரத்தில் ‘ஜி’ என்று காட்டிவிட்டுப் போகும். கிட்டோ, அதே கோப்பில் திட்டத்திலிருந்து மாற்றம் வந்ததும் புல் செய்ய (அதை இறக்கி இணைக்க) மறுத்துவிட்டது. மேலும், கமிட் செய்யாத (கிட்டில் பதியாத) திருத்தம் இருந்ததால் யூநேமில் ஹாஷுக்குப் பின்னால் ‘டர்ட்டி’ என்ற சொல் வேறு ஒட்டிக்கொண்டது. இப்போது திருத்தத்தை ‘வீடு’ என்ற சொந்தக் கிளையில் கமிட் செய்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்டேபிள்/13 மீது ரீபேஸ் செய்கிறேன் (அதன் புதிய மாற்றங்களுக்கு மேல் திருத்தத்தை மறுபடி வைக்கிறேன்). யூநேமில் கிளைப் பெயர் இப்போது வீடு என்று வருகிறது. எண்ணும் என் ஒரு கமிட்டால் ஒன்று கூடியிருக்கிறது.