பெரிய இன்டர்கூலரைக் கழற்றி வைத்தேன்

சித்திரை கடைசியில், பொன்னேரியிலிருந்து ஏலகிரி ஏறும்போதுதான் இந்த வேலை ஆரம்பமானது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள் வண்டிக்கு மூச்சு வாங்கியது. 1.3 லிட்டர் டீசல். டர்போ வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்; அது கூட்டும் அழுத்தம், அதாவது பூஸ்ட், 0.8 பார். அழுத்தியதில் சூடாகும் அந்தக் காற்றை எஞ்சினுக்குப் போகும் முன் ஆற்றுவது இன்டர்கூலர். அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வெப்ப சென்சார் மாட்டியிருந்தேன். உள்ளே போகும் காற்று 120 டிகிரி, வெளியே வருவது 92. மேலே நிறுத்தி பானட்டைத் திறந்து ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். டர்போ பக்கம் விரல் வைக்க முடியவில்லை, அது எதிர்பார்த்ததுதான். எஞ்சின் பக்கமும் வைக்க முடியவில்லை.

120 டிகிரி டர்போவின் கோளாறு இல்லை. 40 டிகிரி வெயில் காற்றை 1.8 மடங்கு அழுத்தினால், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் 70 சதவீதத் திறனுள்ளதாக இருந்தாலும் 80 டிகிரி கூடத்தான் செய்யும். அந்த 80-ல் என் இன்டர்கூலர் இறக்கியது வெறும் 28. போதாததற்கு, அதைக் கடப்பதற்குள் 0.15 பார் அழுத்தமும் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று இன்னும் சூடாகும்.

சரி, பெரிதாகவே போடுவோம் என்று 600க்கு 300 மில்லிமீட்டர், 75 கனத்தில் ஒன்று வாங்கினேன். "தம்பி, இது ரேடியேட்டரையே மூடிடும் பாரு" என்றார் சத்துவாச்சாரி பட்டறை அண்ணன். நான் கேட்கவில்லை. பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் வரை 80 கிலோமீட்டர் வேகத்தில், வெளியே வரும் காற்று 52 டிகிரிதான் காட்டியது. அவ்வளவு சந்தோஷம்! மறுவாரம் அதே மலையில், எப்போதும் 90-ல் நிற்கும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் தண்ணீர், 104-ஐத் தொட்டது. ஏசியில் வெறும் காற்று. தடிமனான கோர் (இன்டர்கூலரில் காற்று ஆறும் நடுப்பகுதி) முன்னால் நின்றால் பின்னால் இருக்கும் ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் வேகம் குறைந்த, ஏற்கெனவே சூடான காற்றுதான் கிடைக்கும். மலையில் வண்டி 30-ல் ஊர்ந்தால் அதுவும் குறைவு. நெடுஞ்சாலையில் மட்டும் அளந்து சைஸ் முடிவு செய்தது என் தவறு.

அப்புறம் கனத்தை விட்டு முகப்பரப்பைப் பார்த்தேன். 500க்கு 200, கனம் 50. பம்பரின் கீழ்வாய்க்கு நேராக உட்காரும், ரேடியேட்டரின் மேல்பாதி திறந்திருக்கும். இரு முனைக்கும் குழாய் வைத்து ஒட்டியது ராணிப்பேட்டையில் அலுமினியம் வெல்டிங் செய்பவர். அவர் போட்ட தையல் சில்லறைக் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியது போல இருந்தது. அழுத்த இழப்பு 0.07 பார். ஆனால் ஏலகிரியில் 79 டிகிரி! மனசே விட்டுப்போனது.

பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது கோரின் இரு ஓரத்திலும் மூன்று விரல் நுழையும் சந்து. காற்று கோருக்குள் புகாமல் அந்த வழியாக நழுவியிருக்கிறது. தகரத்தில் காகித அச்சு வைத்து வெட்டி, கீழ்வாயிலிருந்து கோர் வரை நாலு பக்கமும் சுவர் எழுப்பி, விளிம்பெல்லாம் ஃபோம் பட்டை ஒட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கோர் அதேதான்.

கத்திரி முடிவதற்குள் மறுபடி ஏறினேன். வெளிக்காற்று 40, இன்டர்கூலருக்குள் போவது 120, வெளியே வருவது 66. கூலன்ட் 93-க்கு மேல் போகவில்லை. மேலே நிறுத்தியதும் முதலில் எஞ்சின் பக்கத்து ஹோஸைத்தான் பிடித்தேன். சூடுதான், ஆனால் கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை.